களத்து மிச்சமும் கறவைப் பசுவும்

வந்தவாசி என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு நினைவுக்கு வருவது கோரைப்பாய். வரலாறு படித்தவர்களுக்கு 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிக்கொண்ட போர். பக்கத்து ஆரணிக்குப் பட்டுச்சேலையால் பெருமை, அரிசியாலும் பெருமை. ஆனால் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களுக்குள் நடந்து செல்பவரின் கண்ணில் முதலில் படுவது பாயும் அன்று, பட்டும் அன்று. வீட்டுக்கு வீடு நிற்கும் வைக்கோல் போரும், வேலியோரம் காயும் கடலைக் கொடியும், அவற்றை நம்பித் தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகளுமே முதலில் தெரியும். மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தவை அந்த மாடுகள்தாம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலையில், பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். கணவரை இழந்த தாய் ஒருவர். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரே ஒரு கறவைப் பசு. செபம் முடிந்ததும் அவர் என்னைத் தொழுவத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டார்.

"பத்து நாளா தீவனத்த மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது, சாமி. ஆறு லிட்டர் கறந்த மாடு. இப்ப மூணுகூட வரல" என்றார்.

"என்னம்மா வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கூரை ஒழுகிய மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு கோணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே கடலைப் பிண்ணாக்கு. அதன்மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த பொடி போர்வையாகப் படிந்திருந்தது.

"பூசணத்தத் தட்டிட்டுத்தான் வைக்கிறேன், சாமி. மாட்டுக்குத்தானே?"

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அந்தப் பிண்ணாக்கை அன்றோடு நிறுத்தச் சொன்னார், மருந்தும் கொடுத்தார். சில வாரங்களில் பசு தேறியது. ஆனால் புறப்படும்போது அவர் அத்தாயிடம் கேட்ட ஒரு கேள்வி என் உள்ளத்தைவிட்டு அகலவில்லை: "இந்தப் பாலைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறீர்களா?"

மாட்டுக்குத்தானே என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இக்கட்டுரையில் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மனிதனுக்கு மணி, மாட்டுக்கு மிச்சம்

நிலம் ஒரு பயிரைத் தரும்போது மனிதன் தனக்கென எடுத்துக்கொள்வது அதில் ஒரு பகுதியையே. நெல் மணியை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதே எடைக்கும் சில வேளைகளில் அதற்கு மேலும் வைக்கோல் நிற்கிறது. அந்த நெல்லை ஆலையில் கொடுத்தால், 100 கிலோவுக்கு ஏறத்தாழ 20 கிலோ உமியும் 8 கிலோ தவிடும் பிரிகின்றன. உடைந்த அரிசி குருணையாக ஒதுங்குகிறது. இவற்றுள் உமி மட்டும் தீவனமாகாது. அதில் மணலுக்கொத்த சிலிக்கா மிகுதி. அது ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகவே ஏற்றது. மற்ற யாவும் ஏதோ ஓர் உயிருக்கு உணவு.

கடலையும் அப்படியே. காயைப் பறித்தபின் எஞ்சும் கொடியில் வைக்கோலைப்போல் இரண்டு மூன்று மடங்கு புரதம் உண்டு. பருப்பைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கிலோ, 100க்கு 40 பங்குக்கு மேல் புரதம். திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் நமக்கு அண்மையில் இருப்பதும், அங்கே உருவான டி.எம்.வி. வகைக் கடலைகள் நம் நிலங்களில் பரவியதும் இவ்வட்டாரத்து மாடுகளுக்கும் ஒரு நற்பேறு என்றே சொல்லலாம். உளுந்தும் துவரையும் உடைக்கையில் கிடைக்கும் பொட்டு, சேலம் நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் திப்பி, கரும்பாலையின் கழிவுப்பாகு என்று இப்பட்டியல் நீளும்.

களத்தில் உழைக்கும் மாட்டுக்கு அக்களத்தின் விளைச்சலில் பங்கு உண்டு என்பதை மோசேயின் சட்டமே ஏற்றுக்கொண்டது. நம் முன்னோரும் அதை அறிந்திருந்தனர். ஆயினும் பங்கு கொடுப்பது வேறு. நமக்கு ஆகாததைத் தள்ளிவிடுவது வேறு. மிச்சம் என்பது கழிவு அன்று. பக்குவப்படுத்த வேண்டிய உணவு. பக்குவப்படுத்தினால் அது பாலாகும், முட்டையாகும். பாராமுகமாக விட்டால் நஞ்சாகும்.

வைக்கோலுக்கு ஒரு வைத்தியம்

வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. அதில் புரதம் 100க்கு 3 அல்லது 4 பங்கே. அதன் நாரை மரத்தன்மையுள்ள லிக்னின் என்ற பொருள் இறுகக் கட்டி வைத்திருப்பதால், உள்ளிருக்கும் மாவுச் சத்தும் மாட்டுக்கு முழுதும் கிட்டுவதில்லை. பூட்டிய களஞ்சியத்தின் முன் பசியோடு நிற்பவன் நிலைதான் அது.

இந்தப் பூட்டைத் திறக்க நெடுங்காலமாக முயன்று வந்துள்ளனர். முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனப் பஞ்சத்தில் தவித்த ஜெர்மனியில், வைக்கோலைக் காரச்சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கொடுக்கும் முறையைப் பெக்மான் என்ற வேதியியல் அறிஞர் வகுத்தார். அது உழவன் வீட்டுக்கு ஏற்ற முறையாக இல்லை. பின்னாளில் ஆசிய நாடுகளில் பரவியது, வயலுக்குப் போடும் யூரியாவைக் கொண்டே செய்யும் எளிய முறை.

நன்கு காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா. அதை ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரில் முற்றிலும் கரைத்துக்கொள்ள வேண்டும். மேடான தரையில் தார்ப்பாலினையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து மிதித்துவிட வேண்டும். பிறகு காற்றோ மழைநீரோ புகாதபடி மூடி, ஓரங்களில் மண்ணிட்டு, 21 நாள் விட்டுவிட வேண்டும். உள்ளே யூரியாவிலிருந்து அம்மோனியா ஆவி பிறந்து நாரின் கட்டுகளைத் தளர்த்துகிறது. திறக்கும்போது வைக்கோல் பழுப்பு நிறத்தில் மென்மையாக இருக்கும்; புரத அளவு 7, 8 பங்காக உயர்ந்திருக்கும். மாடும் அதை முன்னிலும் அதிகமாகத் தின்னும்.

இதில் சில எச்சரிக்கைகள் உயிரைப் போன்றவை. அன்றன்று தேவையானதை எடுத்து, ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டு நெடி தணிந்தபின் கொடுக்க வேண்டும். முதல் வாரம் சாதாரண வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடிக்க நேர்ந்தால் அது சில நாழிகையில் உயிரைக் குடிக்கும். ஆகையால் வேலை முடியும்வரை வாளியையும் தொட்டியையும் கண்ணெட்டும் தொலைவிலேயே வைத்திருங்கள். ஆறு மாதம் நிரம்பாத கன்றுகளுக்கு இவ்வைக்கோல் ஆகாது. பன்றிக்கும் கோழிக்கும் யூரியா எவ்வகையிலும் ஆகாது. அசை போடும் உயிர்களின் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அம்மோனியாவைப் புரதமாக மாற்றவல்லவை. அவ்வேலையாள்கள் இல்லாத வயிற்றுக்கு அது வெறும் நஞ்சு.

இந்நாளில் அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் நசுங்கித் துண்டாகி வயலிலேயே கிடக்கிறது. அதைக் கட்டு கட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆயினும் கட்டுவதற்குக் கூலி மிகுதி என்று கொளுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஒருபுறம் தீ வைத்துவிட்டு, மறுபுறம் கோடையில் அதே வைக்கோலைக் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்கும் நம் கணக்கு எங்கோ தவறுகிறது அன்றோ?

தவிடும் குருணையும்

களம்பூர், ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளால் தவிட்டுக்கு நமக்குப் பஞ்சமில்லை. தவிட்டில் புரதம் 100க்கு 12 பங்கு அளவிலும், எண்ணெய் 15 பங்குக்கு மேலும் உண்டு. அந்த எண்ணெயே அதன் சிறப்பு. அதுவே அதன் குறையும். பச்சரிசி தீட்டிய சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. நாள் சென்றால் தவிடு சிக்கடித்துக் கசக்கும், சத்தும் அழியும். நெல்லை அவிக்கும்போது வெப்பத்தால் அந்நொதி செயலிழப்பதால், புழுங்கல் அரிசித் தவிடு நீண்ட நாள் தாங்கும். எண்ணெய் எடுத்தபின் விற்கப்படும் தவிடும் கெடாது. ஆனால் கொழுப்புச் சத்து அதில் இராது. எனவே தவிட்டை மாதக் கணக்கில் வாங்கிக் குவிக்காமல், வாரக் கணக்கில் வாங்குவதே சிக்கனம். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள்; உமி கலந்திருந்தால் உள்ளங்கையில் குத்தும்.

கோழி வளர்ப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ளல் வேண்டும். கோழிக்கு அசை போடும் வயிறு இல்லை. நார் மிகுந்த எதுவும் அதற்குச் செரியாது. புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழிக்குக் குருணையும் சிறிது தவிடும் போதும். மீதியைப் புழுபூச்சியிலும் கீரையிலும் அதுவே தேடிக்கொள்ளும். நாமக்கல் பண்ணைகளில் அடைபட்டு முட்டையிடும் கோழியோ முழுக்க முழுக்க நாம் வைப்பதையே நம்பியிருக்கிறது. முட்டையின் அடக்கச் செலவில் பெரும்பங்கு தீவனமே. அத்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமே. அண்மை ஆண்டுகளில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்க மக்காச்சோளம் பெருமளவு திருப்பிவிடப்பட்டதால் அதன் விலை ஏறியது. நெடுங்காலம் அதை ஏற்றுமதி செய்து வந்த நம் நாடு, 2024இல் இறக்குமதி செய்ய நேர்ந்தது.

ஆகவே மாற்றுத் தீவனம் தேடாத பண்ணையே இன்று இல்லை. குருணை, கம்பு, எண்ணெய் நீக்கிய தவிடு ஆகியவற்றோடு, எத்தனால் ஆலையில் மாவுச் சத்தை எடுத்தபின் எஞ்சும் தானியச் சக்கையும் தீவனத்தில் சேர்ந்துள்ளது. புரதம் மிகுந்த அச்சக்கை விலையிலும் மலிவு. ஆனால் மூலத் தானியத்தில் பூசண நஞ்சு இருந்தால் அது ஆலையில் அழிவதில்லை. மாவு நீங்கி அளவு சுருங்கும்போது, நஞ்சு மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்துவிடுகிறது. மலிவாக வரும் மிச்சம் எதுவாயினும், அது எதன் மிச்சம் என்று கேட்பது அறிவுடைமை.

பிண்ணாக்கில் பதுங்கும் நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 100,000க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பெயர் வைக்கவும் தெரியாமல் அதை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றனர். ஆராய்ந்தபோது குற்றவாளி பிடிபட்டது: பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் சுரந்த நஞ்சே காரணம். அப்பூசணத்தின் பெயரைச் சுருக்கி அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர்.

இது வான்கோழியோடு நிற்கவில்லை. 1974இல் இராசஸ்தானிலும் குசராத்திலும் பழங்குடி ஊர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏறக்குறைய 400 பேர் கல்லீரல் நோயுற்றனர். 100 பேருக்கு மேல் இறந்தனர். அவ்வுணவில் பங்குபெற்ற வீட்டு நாய்களும் மாண்டன. சிறிது சிறிதாக நெடுநாள் உட்சென்றால் இந்நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

கடலைக்கும் இப்பூசணத்துக்கும் உள்ள உறவு மண்ணிலேயே தொடங்குகிறது. காய் முற்றும் காலத்தில் வறட்சி வந்தால் மண்ணிலிருந்தே அது காய்க்குள் புகும். மண்வெட்டி பட்டுப் பிளந்த காயில் எளிதில் நுழையும். மானாவாரிக் கடலையை நாம் பறிப்பதோ பெரும்பாலும் மழை தொடங்கும் நாளில். சரிவரக் காயாத காயைக் குவித்து மூடினால், மூட்டைக்குள் வெம்மையும் ஈரமும் சேர்ந்து அதற்கு விருந்து வைத்ததாகும். உரிப்பதற்கு எளிது என்று காய்மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் இந்த விருந்துக்கு அழைப்பே.

இனிதான் சங்கிலி. உரித்த பருப்பில் திரட்சியானவற்றை உணவுக்கு விற்கிறோம். சுருங்கியது, சொத்தையானது, நிறம் மாறியது ஆகியவற்றைப் பொறுக்கி ஒதுக்குகிறோம். ஒதுக்கியதை எறிகிறோமா? இல்லை, "எண்ணெய்க்குப் போகட்டும்" என்கிறோம். செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயில் செல்லாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. "மாட்டுக்குத்தானே" என்று அதை மாட்டுக்கு வைக்கிறோம். பசு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது அழிவதில்லை. அப்பாலை முதலில் குடிப்பது கன்று. அடுத்துக் குடிப்பது குழந்தை. நாம் கையால் பொறுக்கி ஒதுக்கிய அதே சொத்தைப் பருப்பு, தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுத் தொட்டிலுக்கே திரும்பி வருகிறது.

இது வீண் அச்சம் அன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, முடிவை 2019இல் வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அவற்றுள் மிகுதியானவை தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை: 551 மாதிரிகளில் 88. அதாவது 100க்கு 16. தண்ணீர் கலந்த பாலைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் நாம், தீவனத் தொட்டி வழியாகப் பாலில் கலப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதைப் படித்துவிட்டு எவரும் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டாம். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. பூசணம் பிடித்த தீவனத்தை நிறுத்திச் சுத்தமான தீவனம் கொடுக்கத் தொடங்கிய நான்கைந்து நாளிலேயே பாலிலிருந்து இந்நஞ்சு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. திருத்திக்கொள்ள இவ்வளவு எளிதான தவறுகள் வாழ்க்கையில் அதிகமில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

கடலையைப் பறித்தவுடன் கொடியோடு தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். அதுவரை மூட்டை கட்டாதீர்கள். உரிக்கும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள். பூசணம் பூத்த பருப்பு எண்ணெய்க்கும் வேண்டாம்; அதைப் புதைத்துவிடுங்கள். இரண்டு கிலோ பருப்பின் இழப்பு, ஒரு பசுவின் இழப்பைவிடச் சிறியதே.

பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பச்சையோ மஞ்சளோ கறுப்போ பூத்திருந்தால் தட்டிவிட்டுக் கொடுப்பதில் பயனில்லை; தூசு போகும், நஞ்சு போகாது. கொடியையும் வைக்கோலையும் அவ்வாறே மழைக்கு முன் காயவைத்துப் போரிட்டு மூடுங்கள்.

வெறும் பிண்ணாக்கை மட்டும் ஊறவைத்துக் கொட்டுவதைவிடக் கலந்து கொடுப்பதே சிக்கனமும் நலமும். 100 கிலோ கலவைக்கு ஒரு மாதிரி: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 35 கிலோ, நல்ல கடலைப் பிண்ணாக்கு 25 கிலோ, தவிடு 20 கிலோ, பருப்புப் பொட்டு 17 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ. உடலைப் பேண நாளுக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் பாலில் ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் மேற்கொண்டு ஒரு கிலோவும் பசுவுக்குப் பொதுக்கணக்கு. இதோடு யூரியா ஊட்டிய வைக்கோலும், சிறிது பசுந்தீவனமும் இருந்தால் கடைத் தீவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வீட்டில் நிற்கும். சினைமாடு, நோயுற்ற மாடு ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்ற மாதம் மீண்டும் சென்றேன். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்திருந்தார். இரண்டு செங்கல் அடுக்கின்மேல் ஒரு பழைய கதவுப் பலகை. அதன்மேல் பிண்ணாக்கு மூட்டை, வாய் இறுகக் கட்டப்பட்டு நின்றது. பசு தொட்டியிலிருந்து தலையெடுக்கவில்லை. "இப்ப அஞ்சு லிட்டருக்கு வந்துடுச்சு, சாமி" என்றார். இளைய மகன் மூட்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட்டான். "நாங்க திங்கிறதுபோலப் பாத்துத்தான் போடணும்னு அம்மா சொல்லியிருக்கு" என்றான்.

படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அச்சிறுவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். மாட்டுக்குத்தானே என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், நாளைக் காலையில் அந்தப் பால் எந்தக் குவளைக்குப் போகும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.